044 ஏன் 36 ஆகிறது? கான்ஃபிக் கருவிகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எந்த நிரல்மொழியில் எழுதுவது என்று முடிவெடுக்க மென்பொருள் குழுக்களில் வாரக்கணக்கில் விவாதம் நடக்கும். அந்த நிரலின் அமைவுகளை எந்த வடிவக் கோப்பில் வைப்பது, அந்தக் கோப்பை எந்த டெம்ப்ளேட் கருவியால் உருவாக்குவது என்பதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. முந்தைய புராஜெக்ட்டில் இருந்ததை எடுத்து ஒட்டிவிடுவார்கள். ஒட்டும்போது சில நம்பிக்கைகளும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

நம்பிக்கை: "யாமல் எளிமையானது. எழுதியது எதுவோ அதுதான் பொருள்."

பைதான் வைத்திருப்பவர்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஒரு யாமல் கோப்பில் சென்னை, மதுரை, பொள்ளாச்சி மூன்றின் எஸ்டிடி எண்களையும் மேற்கோள்குறி இல்லாமல் எழுதுங்கள்: 044, 0452, 04259. பையாமல் நூலகத்திடம் அதைப் படிக்கக் கொடுங்கள். சென்னை 36 ஆகியிருக்கும், மதுரை 298 ஆகியிருக்கும். பொள்ளாச்சி மட்டும் எழுதியபடியே நிற்கும்.

பையாமல் தன் விதிகளிலிருந்து தவறவில்லை. 2005இல் வந்த யாமல் 1.1 விதிப்படி, பூஜ்யத்தில் தொடங்கி 7ஐத் தாண்டாத இலக்கங்களால் ஆன எண், எட்டை அடிமானமாகக் கொண்டது. நாலெட்டு முப்பத்திரண்டு, அதோடு நாலு, ஆக 36. பொள்ளாச்சியின் எண்ணில் 9 இருக்கிறது. அதனால் அது எட்டடிமான எண்ணாக இருக்க முடியாது; பூஜ்யத்தில் தொடங்குவதால் சாதாரண எண்ணாகவும் இருக்க முடியாது. ஆகவே அதை ஸ்டிரிங்காக விட்டுவிடுகிறது. ஒரே பட்டியலில் ஒரே மாதிரி எழுதிய மூன்று மதிப்புகளில் இரண்டு எண்களாகின்றன, ஒன்று ஸ்டிரிங்காகிறது. பிழைச் செய்தி ஒன்றும் வராது என்பதுதான் கொடுமை.

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் நார்வே. அதன் நாட்டுக் குறியீட்டின் இரண்டெழுத்தும் ஆங்கிலத்தில் 'நோ' என்று ஆகிவிடுவதால், நாடுகளின் பட்டியலில் நார்வே இருக்கவேண்டிய இடத்தில் 'பொய்' என்ற பூலியன் உட்கார்ந்துவிடும். 22:22 என்று எழுதினால் அறுபதடிமான எண்ணாகக் கணக்குப்போட்டு 1342 என்று தரும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கோப்பில் பைதான் பதிப்பு 3.10 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதியவர்களுக்கு 3.1 என்ற பதிப்பைத் தேடி ஓடிய அனுபவம் உண்டு.

2009இல் வந்த யாமல் 1.2 இவற்றில் பெரும்பாலானவற்றைக் களைந்துவிட்டது. ஆனால் 3.10 அதிலும் தசம எண்தான். பையாமல் இன்றும் 1.1 விதிகளின்படியே நடக்கிறது. கோ மொழியின் பிரபலமான யாமல் நூலகமோ 1.2ஐப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, பழைய கோப்புகள் கெடாமலிருக்க 1.1இன் சில பழக்கங்களையும் வைத்திருக்கிறது. ஆகவே ஒரே கோப்பை இரண்டு நிரல்கள் இரண்டு விதமாகப் படிக்கலாம். இதை எளிமை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் 2013இல் தொடங்கிய டாமல் வடிவத்தில் 044 என்று எழுதினால் உடனே பிழை என்று சொல்லிவிடும். ஜேசனும் அப்படியே. இரண்டிலும் ஸ்டிரிங்குக்கு மேற்கோள்குறி கட்டாயம். தட்டச்சு கொஞ்சம் கூடுகிறது, சந்தேகம் நிறையக் குறைகிறது. ஆனால் டாமலில் ஐந்தாறு அடுக்கு ஆழத்துக்குப் போகும் அமைவுகளை எழுதினால் கண் வலிக்கும். அதனால்தான் ரஸ்ட், பைதான் உலகங்களில் தட்டையான புராஜெக்ட் கோப்புகளுக்கு அது பொருந்தியது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் பக்கம் போகவில்லை.

ஜேசனைப் பற்றியும் ஒரு நம்பிக்கை உலவுகிறது: அதில் கமென்ட் எழுத இடமில்லாதது மறதியால் நேர்ந்த குறை என்பார்கள். ஜேசனை வரையறுத்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட் அதை வேண்டுமென்றேதான் நீக்கினார். கமென்டுக்குள் சிலர் பார்சருக்கான கட்டளைகளை ஒளித்து வைத்ததைக் கண்டு, நிரல்களுக்கிடையே பரிமாற்றமே கெட்டுவிடும் என்று அஞ்சியதாக அவரே விளக்கியிருக்கிறார். தரவுப் பரிமாற்றத்துக்கு அது சரியான முடிவு. மனிதர்கள் கையால் திருத்தும் கான்ஃபிக் கோப்புக்குத் தொல்லை.

நம்பிக்கை: "டெம்ப்ளேட் எல்லாம் ஒன்றுதான். வலைப்பக்கத்துக்கு உதவுவது கான்ஃபிக்குக்கும் உதவும்."

பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஆர்மின் ரோனாகர் உருவாக்கிய ஜின்ஜா, கோ மொழியின் டெக்ஸ்ட் டெம்ப்ளேட் போன்றவை எழுத்துகளை மட்டுமே அறிந்தவை. பொருள் தெரியாமல் ஏட்டைப் பிரதி செய்பவர் ஓர் எழுத்துத் தப்பாமல் எழுதிவிடுவார். கருத்துக் கெட்டிருந்தால் அவருக்குத் தெரியாது. இவையும் அப்படித்தான்.

கோ மொழியில் டெம்ப்ளேட்டுக்கு இரண்டு பொதிகள் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டையும் அழைக்கும் முறை ஒன்றுதான். ஆனால் ஹெச்டிஎம்எல்லுக்கானது, ஒரு மதிப்பு பக்கத்தின் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்கும். இணைப்பு முகவரிக்குள்ளா, ஸ்கிரிப்ட்டுக்குள்ளா, சாதாரண உரையிலா என்பதைப் பொறுத்து அதற்கேற்றபடி ஆபத்தான குறிகளை மாற்றும். தான் எந்த மொழியில் எழுதுகிறோம் என்பது அதற்குத் தெரியும். யாமலுக்கு அப்படியொரு பொதி அங்கே இல்லை.

குபர்நெட்டிஸின் ஹெல்ம் இந்த வெறும் உரை டெம்ப்ளேட்டின் மேல்தான் நிற்கிறது. எனவே உள்தள்ளலே பொருளாக இருக்கும் யாமல் கோப்பில் எத்தனை வெற்றிடம் என்று மனிதரே எண்ணி, 'என்-இன்டென்ட் 8' என்று கையால் எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் துண்டை ஓர் அடுக்கு உள்ளே நகர்த்தினால் 8ஐ 10 ஆக்க வேண்டும். மறந்தால் பிழை வந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? வந்தால் அதிர்ஷ்டம். பல சமயம் கிடைப்பது இலக்கணச் சுத்தமான, ஆனால் வேறு பொருள் கொண்ட யாமல்.

மாற்று வழிகள் இருக்கின்றன. 2019இல் குபர்நெட்டிஸின் கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல் 1.14உடன் சேர்ந்துவிட்ட கஸ்டமைஸில் டெம்ப்ளேட்டே கிடையாது. முழுமையான ஒரு யாமல் கோப்பை அடித்தளமாக வைத்து, டெஸ்ட் சூழலுக்கு ஒன்று, நேரடிச் சூழலுக்கு ஒன்று என்று அதன்மேல் திருத்தங்களைப் போர்த்துவார்கள். எந்தக் கோப்பைத் திறந்தாலும் அது செல்லுபடியாகும் யாமல்தான். கூகுளில் டேவ் கன்னிங்ஹாம் உருவாக்கி 2014இல் வெளிவந்த ஜேசனெட் வேறு வழி: முதலில் தரவு அமைப்பைக் கணக்கிடும், கடைசியில்தான் அதை எழுத்தாக்கும். அடைப்புக்குறி விட்டுப்போவதற்கோ வெற்றிடம் குறைவதற்கோ அங்கே வாய்ப்பில்லை.

இதைப் படித்துவிட்டு ஹெல்மைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு மென்பொருளைப் பொதியாக்கி ஊருக்கெல்லாம் அனுப்புவது, நிறுவுவது, முந்தைய பதிப்புக்குத் திரும்புவது எல்லாம் அதன் வேலை. கஸ்டமைஸ் அவற்றைச் செய்வதில்லை. மின்னஞ்சல், எஞ்சின்-எக்ஸ் கான்ஃபிக் போன்ற, தனக்கே உரிய இலக்கணம் கொண்ட உரைகளுக்கு ஜின்ஜாவே போதும்.

நம்பிக்கை: "லூப் எழுத முடியாத மொழியால் ஆபத்தில்லை."

யாமலில் லூப் கிடையாது. ஆனால் ஒரு மதிப்புக்குப் பெயரிட்டு, அதே பெயரால் மறுபடி அழைக்கலாம். பத்து முறை அழைக்கும் ஒரு பட்டியல், அந்தப் பட்டியலைப் பத்து முறை அழைக்கும் இன்னொன்று என்று ஒன்பது அடுக்கு போனால், சில வரிக் கோப்பு நூறு கோடி மதிப்புகளாக விரியும். 2019இல் குபர்நெட்டிஸின் ஏபிஐ சர்வரையே இப்படித் திணறடிக்கலாம் என்பது தெரியவந்து திருத்தினார்கள். தால் என்ற கான்ஃபிக் மொழி, அதில் எழுதிய எதுவும் ஒருநாள் முடிந்தே தீரும் என்று கணித ரீதியாக உத்தரவாதம் தருகிறது. எப்போது முடியும் என்பதற்கு அதில் உத்தரவாதமில்லை.

நம்பிக்கை: "கான்ஃபிக் வெறும் தரவுதானே. நிரலைப்போல அதைச் சோதிக்க வேண்டியதில்லை."

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையத் திரைகள் நீலமானது நினைவிருக்கும். கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அன்று அனுப்பியது புதிய நிரல் அல்ல. 'சேனல் ஃபைல் 291' என்ற உள்ளடக்கக் கோப்பு. விண்டோஸின் கருவுக்குள் இயங்கும் அதன் நிரல் எதைக் கண்காணிக்க வேண்டும் என்று சொல்வது அந்தக் கோப்பின் வேலை.

நிறுவனமே வெளியிட்ட ஆய்வறிக்கை இந்தப் பத்திக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. கண்காணிப்பு விதிகளுக்கான ஒரு டெம்ப்ளேட் வகை 21 உள்ளீட்டுப் புலங்களை வரையறுத்திருந்தது. அதற்கு மதிப்புகளைத் தரும் நிரலோ 20ஐத்தான் தந்தது. மாதக்கணக்கில் இது வெளியே தெரியவில்லை. அதுவரை வந்த விதிகள் எல்லாம் 21ஆம் இடத்தில் 'எதுவானாலும் சரி' என்றே வைத்திருந்தன. ஜூலை 19 அன்று வந்த விதி முதன்முறையாக 21ஆம் மதிப்பை உண்மையாகவே ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. இல்லாத இடத்தில் கைவைத்த நிரல் கணினியோடு சேர்ந்து விழுந்தது. கோப்பைச் சரிபார்க்கும் கருவியும் 21 வரும் என்றே நம்பியிருந்ததால் அதைத் தேர்ச்சியடைய விட்டுவிட்டது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதற்குள் பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கணினிகள்.

வாடிக்கையாளர்கள் விரும்பினால் நிரலின் புதிய பதிப்பைத் தள்ளிப்போடலாம் என்ற வசதி முன்பே இருந்தது. உள்ளடக்கக் கோப்புகளுக்கு அது பொருந்தவில்லை. அவை படிப்படியாக அல்லாமல் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தன. பிறகு செய்த திருத்தங்களில் ஒன்று, புலங்களின் எண்ணிக்கையைக் கம்பைல் நேரத்திலேயே ஒப்பிடுவது.

நம்பிக்கை: "சிறந்த கருவி ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கற்றுக்கொண்டால் போதும்."

கருவிகளை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரே அமைவுக்கு இரண்டு கோப்புகள் இரண்டு மதிப்பு சொன்னால் இது என்ன செய்யும்? ஹெல்ம், கஸ்டமைஸ், ஜேசனெட் மூன்றிலும் கடைசியாக வந்தது வெல்லும். இறுதி மதிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுவது உங்கள் பாடு. கூகுளில் இத்தகைய மொழிகளோடு மல்லுக்கட்டிய மார்செல் வான் லோஹைசன் உருவாக்கிய க்யூ மொழி, ஒன்று 3 என்றும் மற்றது 5 என்றும் சொன்னால் முரண் என்று அங்கேயே நின்றுவிடும். அடுக்குமேல் அடுக்காகக் கோப்புகள் குவிந்த பெரிய நிறுவனத்துக்கு இது வரம். மூன்று சர்வீஸ் நடத்தும் சிறு குழுவுக்கு இதற்காக ஒரு மொழியையே கற்பது அதிகப்படி.

புது மொழி இல்லாமலும் பெரிய அளவில் சமாளிக்கலாம். ஃபேஸ்புக் 2015இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, அங்கே கான்ஃபிக்கைப் பைதானில் எழுதினார்கள், அதன் வடிவத்தை த்ரிஃப்ட் என்ற தரவு வரையறைக் கருவியில் வரையறுத்தார்கள், சரிபார்க்கத் தனி நிரல் வைத்தார்கள். கடைசியில் வெளியே வந்தது சாதாரண ஜேசன்.

ஹெல்மிலேயே இருப்பவர்களுக்கும் அதில் பாதி வசதி கையிலேயே இருக்கிறது. மதிப்புகள் எந்த வகை, எது கட்டாயம், எந்த வரம்புக்குள் என்று ஒரு ஸ்கீமா கோப்பை எழுதி, ஹெல்மின் பொதியான சார்ட்டோடு வைத்தால், நிறுவும் முன்பே ஹெல்ம் 3 அதைச் சரிபார்த்துவிடும். எஸ்டிடி எண் ஸ்டிரிங்காகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்த்தால், 36 உள்ளே நுழையாது. அந்தக் கோப்பை எழுதப் புது மொழி எதுவும் கற்க வேண்டாம், அதுவும் ஜேசன்தான்.