இணையம் வருது, பக்கத்துக் கணினி தெரியலையே?

கேள்வி: வீட்டில் இரண்டு கணினிகளிலும் வைஃபை வேலை செய்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கோப்பு அனுப்ப முடியவில்லை. ஏன்? - வாசகர், காவலூர்.

பதில்: இரண்டும் ஒரே வைஃபை பெயரில்தான் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒன்று ‘கெஸ்ட்’ இணைப்பில் இருந்தால் இணையம் வரும், பக்கத்துக் கணினி தெரியாது. பெயர் ஒன்றேயானால், என் சந்தேகம் விண்டோஸ் மேல்தான். புது வைஃபையை அது பெரும்பாலும் ‘பப்ளிக்’ என்றே எடுத்துக்கொண்டு, உங்கள் கணினியை மற்றவர் கண்ணுக்கு மறைத்துவிடும். வைஃபை அமைப்பில் இரண்டிலும் ‘பிரைவேட்’ என்று மாற்றி, ஃபைல் ஷேரிங்கை இயக்குங்கள். அவசரத்தில் ஃபயர்வாலையே அணைத்துவிடாதீர்கள், அது ஆபத்து.

உங்கள் காவலூர் மலையில் இணையம் அறுந்தாலும் கவலை வேண்டாம். ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், வீட்டுக்குள் கோப்புகள் போய்வரும்.