சதுர அடிக் கணக்கு

அன்புள்ள தங்கைக்கு,

"குடல்தானே பழுது, ஈரலை ஏன் மாற்றுகிறார்கள்? எத்தனை சென்டிமீட்டர் குடல் மிஞ்சினால் குழந்தை பிழைக்கும்?" என்று ஆம்பூரிலிருந்து கேட்டிருந்தாய்.

முதல் கேள்விக்குப் பதில் சிறியது. குடல் முறுக்கி அழுகி, பெரும்பகுதியை வெட்டியெடுத்த பச்சிளம் குழந்தைக்கு ரத்தநாளம் வழியாகத்தான் சத்து ஏற்றுகிறார்கள். அது மாதக்கணக்கில் நீடித்தால், சில குழந்தைகளுக்குப் பித்தம் தேங்கி, காமாலை முற்றி, ஈரல் கெடுகிறது. ஏற்றும் சோயா எண்ணெய்க் கொழுப்புக்கும் இதில் பங்குண்டு. அதற்குப் பதிலாக மீன் எண்ணெய்க் கொழுப்பைக் கொடுத்துப் பல குழந்தைகளைத் தேற்றியிருக்கிறார்கள். அமெரிக்கா 2018இல் அதற்கு அனுமதி தந்தது.

இரண்டாவது கேள்விதான் உறுத்துகிறது. எல்லோரும் நீளத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். தோல் பதனிடும் உங்கள் ஊரில் தோலை முழம் போட்டா விற்கிறார்கள்? சதுர அடிதானே கணக்கு! குடலுக்கும் பரப்புதான் கணக்கு.

சான்று உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. 1960களில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் ஸ்புரூ என்ற குடல் நோய் கொள்ளைபோலப் பரவியது. வேலூர் சி.எம்.சி.யின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அந்தக் கிராமங்களை ஆராய்ந்தார்கள். நோயாளிகளின் குடல் நீளத்தில் ஓர் அங்குலமும் குறையவில்லை. ஆனால் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் சிதைந்து, கொழுப்பும் பி12உம் உடம்பில் சேராமல், தின்றும் மெலிந்தார்கள். அவர்களின் கட்டுரைகளைப் படிக்காமல் குடலைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

குட்டைக் குடலில் இதற்கு நேர்மாறு நடக்கலாம். மிஞ்சிய துண்டு அகலும், நுண்விரல்கள் உயரும். குழந்தையோடு சேர்ந்து நீளமும் கூடும். சிறுகுடலின் கடைப்பகுதி மிஞ்சியிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் வெறும் குடல் வளராது. சொட்டுச் சொட்டாகவாவது தாய்ப்பால் உள்ளே போக வேண்டும்.

குடல் இப்படித் தேறும் என்று நம்பித்தான் அமெரிக்காவின் ஒமாஹா நகர மருத்துவர்கள் 11 குழந்தைகளுக்கு, குடலைத் தொடாமல், ஈரலை மட்டும் மாற்றினார்கள். 2002இல் அதை வெளியிட்டார்கள். குடல் பழகிவருகிறது என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல் வெறும் சென்டிமீட்டர் அல்ல: தேவையான உணவில் பாதியாவது குடல் வழியே 4 வாரம் ஏற்று, குழந்தை வளர்ந்திருக்க வேண்டும். அந்தக் குழந்தைகளில் பலர் பின்னர் ரத்தநாள வழிச் சத்தை விட்டொழித்தார்கள்.

1998இல் டெல்லியில் தந்தையின் ஈரலைப் பெற்ற காஞ்சிபுரத்துக் குழந்தையை இதற்கு உதாரணம் காட்டாதே. இந்தியாவில் குழந்தைகளுக்குச் செய்து வெற்றிகண்ட முதல் ஈரல் மாற்று அதுதான்; ஆனால் அந்தக் குழந்தைக்குப் பித்தநாளம்தான் கோளாறு, குடல் நன்றாகவே இருந்தது.

குடல் தேறிவரும் குழந்தைக்கு ஈரல் மட்டும் போதும். தேறாத குழந்தைக்கு அதை மட்டும் வைத்தால், ரத்தநாள வழிச் சத்து தொடரும். புது ஈரலும் அதே வழியில் கெடலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்