வகுப்பறையில் தொடங்கும் மருத்துவக் காப்பீடு

சில ஆண்டுகளுக்கு முன் என் மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவி படித்தாள். விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். கேட்டால், "களைப்பா இருக்கு டீச்சர்" என்பாள். காலையில் சாப்பிடாமல் வருகிறாள் என்றே நினைத்தேன். அவ்வாண்டு பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர்தாம் அவளது இதயத் துடிப்பில் மாறுபாட்டைக் கண்டறிந்தனர். மேல் பரிசோதனையில் இதயத்தில் ஓட்டை இருப்பது உறுதியானது.

பெற்றோர் இருவரும் கூலித் தொழிலாளர்கள். "எவ்வளவு செலவாகும் டீச்சர்?" என்பதே அவர்களின் முதல் கேள்வி. காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனால் குடும்ப அட்டையில் அவள் பெயரே சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்க்க மூன்று வாரங்கள் ஆயின. பிறகு, கட்டணமின்றி அறுவைச் சிகிச்சை நடந்தது.

திட்டங்களை அறிவோம்

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகச் செயல்படுகிறது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்கள், ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடு, நோய், ஊட்டச்சத்துக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் ஆகியவை கண்டறியப்படுகின்றன. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வருகிறது.

காப்பீடு செலவை ஏற்கும், குறையைக் கண்டுபிடிக்காது. மருத்துவக் குழு பார்ப்பது ஒருநாள். நாம் பார்ப்பது ஆண்டு முழுவதும்.

ஆசிரியர் செய்யக்கூடியவை

1. குறிப்பேடு: விளையாடும்போது மூச்சு வாங்குதல், உதடும் நகமும் நீலம் பூத்தல், கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்த்தல், பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாமை, காதில் சீழ் ஆகியவற்றைக் குறித்து வைத்து, குழுவினரிடம் கொடுக்கலாம். செவித்திறன் குறையை இளம் வயதிலேயே கண்டறிந்தால்தான் பேச்சு வளரும்.

2. வராதவர் பட்டியல்: பரிசோதனை நாளில் விடுப்பில் இருந்த மாணவர்களைக் குறித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லும்படி பெற்றோரிடம் சொல்ல வேண்டும். அடிக்கடி விடுப்பு எடுக்கும் குழந்தைக்கே பரிசோதனை அதிகம் தேவைப்படலாம்.

3. அட்டைச் சரிபார்ப்பு: குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் உள்ளதா என்று சேர்க்கையின்போதே கேட்கலாம். காப்பீட்டு அட்டை இல்லாதோர் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தை அணுகலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800 425 3993. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

ஒன்றை மறக்கக்கூடாது. நோயின் பெயரை நாம் சொல்ல வேண்டியதில்லை. அது மருத்துவரின் பணி. ஐயத்தைப் பெற்றோரிடம் தனியே சொல்ல வேண்டும், மற்ற மாணவர்கள் முன் அல்ல.

அந்த மாணவி அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவில் ஓடினாள். கடைசியாகத்தான் வந்தாள். இப்போது என் வகுப்பில் யாரேனும் "களைப்பா இருக்கு" என்றால், அன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுகிறேன்.