விண்ணப்பதாரரின் முகவரி

அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கும் நியமன ஆணை பெறும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் கழிவதுண்டு. ஓராண்டுக்கு மேல் ஆவதும் உண்டு. இக்காலம் முழுவதும் தேர்வு அமைப்பு விண்ணப்பதாரரைத் தொடர்பு கொள்வது அவர் தந்த முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றின் வாயிலாகவே. எனவே இவை இறுதிவரை நிலைத்திருப்பனவாகவும், விண்ணப்பதாரரின் சொந்தப் பொறுப்பில் உள்ளனவாகவும் இருத்தல் வேண்டும்.

அஞ்சல் முகவரி

1972 ஆகஸ்டு 15 அன்று நம் நாட்டில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் இலக்கம் மண்டலத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா அஞ்சலகத்தையும் சுட்டுகின்றன. ஓர் இலக்கம் பிழைத்தாலும் கடிதம் வேறு ஊருக்குச் செல்லக்கூடும். விடுதியில் தங்கிப் பயில்வோர் அதனைத் தற்போதைய முகவரியாக மட்டுமே குறிப்பிட்டு, சொந்த ஊர் முகவரியை நிலையான முகவரியாகத் தருதல் நன்று. நியமனத்துக்கு முன் நிகழும் காவல்துறை விசாரணைக்கும் இவ்விவரங்கள் தேவைப்படும்.

கைபேசி எண்

துண்டிக்கப்பட்ட எண், 90 நாள்களுக்குப் பின் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அதன்பின் வரும் செய்திகளும் கடவு எண்களும் அந்நியர் கைக்கே சேரும். ஆதலால் விண்ணப்பத்தில் தந்த எண்ணைத் தேர்வு முடியும்வரை விடாமல் பேணுதல் இன்றியமையாதது.

மின்னஞ்சல்

குடிமைப் பணித் தேர்வின் அனுமதிச் சீட்டு இப்போது அஞ்சலில் வருவதில்லை, இணையதளத்திலிருந்தே பெறவேண்டும். கணினி மையங்களில் விண்ணப்பிக்கும் கிராமப்புற இளைஞர் சிலர், மைய உரிமையாளரின் மின்னஞ்சலையும் எண்ணையும் தந்துவிடுகின்றனர். மையம் மூடப்பட்டால் தொடர்பும் அறுந்துவிடும். கட்டணமின்றிக் கிடைக்கும் மின்னஞ்சலைத் தம் பெயரிலேயே தொடங்குதல் எளிது. அதில் தலைப்பெழுத்தும் பெயரும் போதும். செல்லப்பெயர், திரைப்பட நடிகர் பெயர் முதலியன பொருந்தா. பெயர் முன்னரே பிறரால் எடுக்கப்பட்டிருப்பின் ஊர்ப்பெயரைச் சேர்க்கலாம். பிறந்த தேதியைச் சேர்த்தல் கூடாது. பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் கொண்டே பல தளங்களில் அனுமதிச் சீட்டு பெறப்படுகிறது என்பதை நினைவிற் கொள்க.

அலுவலர் கடமை

விண்ணப்பதாரர் கவனமாக இருந்தால் மட்டும் போதாது. முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க எளிய வழி அமைத்தலும், முக்கிய அறிவிப்புகளை ஒரே வழியில் அன்றி இரு வழிகளில் அனுப்புதலும் தேர்வு அமைப்புகளின் பொறுப்பாகும். தகுதியுடைய ஓர் இளைஞர் அறிவிப்பு கிட்டாத காரணத்தால் வாய்ப்பை இழப்பாராயின், இழப்பு அவருக்கு மட்டுமன்று, நிருவாகத்துக்கும் ஆகும்.