பேண்ட்வித் பில் எகிறிவிட்டதா? லாக் பைலைத் திறந்து பாருங்கள்

சொந்தமாக ஒரு வெப்சைட் தொடங்குவது இப்போது யாருக்கும் எளிது. ஆனால் அதற்கு வரும் பில்லைப் படிப்பது அவ்வளவு எளிதல்ல. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் எனக்கு வந்த ஒரு பில்லையும், அதனை நான் எப்படி மறுத்தேன் என்பதையும் இங்கு எழுதுகிறேன். புதிதாக வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும்.

என் பெரியப்பா வில்லுப்பாட்டுக் கலைஞர். கோயில் கொடைகளில் அவர் பாடியவை 12 கேசட்களில் இருந்தன. அவற்றை எம்பி3 பைல்களாக மாற்றி, ஆண்டுக்கு 1,800 ரூபாய் வாடகையில் இடம் வாங்கி ஒரு வெப்சைட்டில் போட்டேன். கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். அது ஒரு பைலாக ஏறத்தாழ 21 எம்.பி. வந்தது. வளைகுடா நாடுகளில் இருக்கும் உறவினர்கள் கேட்டால் போதும் என்பதுதான் என் எண்ணம்.

எட்டாவது மாதம் ஒரு மெயில் வந்தது. மாதத்திற்கு 5 ஜி.பி. அனுமதி, நான் பயன்படுத்தியது 41 ஜி.பி.; கூடுதல் 36 ஜி.பி.க்கு, ஜி.பி. ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் 9,000 ரூபாய் கட்ட வேண்டும். பத்து நாட்களுக்குள் கட்டாவிட்டால் தளம் நிறுத்தப்படும். என் மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல் அது.

இங்கு பேண்ட்வித் என்று நிறுவனங்கள் சொல்வது என்ன என்று பார்த்துவிடுவோம். உண்மையில் அந்தச் சொல் வேகத்தைக் குறிக்கும். பில்லில் வருவதோ வேகம் அல்ல. சர்வரிலிருந்து வெளியே சென்ற டேட்டாவின் மொத்த அளவு. தண்ணீர்க் குழாயின் அகலம் ஒன்று, மாதக் கடைசியில் மீட்டர் காட்டும் லிட்டர் வேறு. என் பைல் ஒன்றை முழுதாக 248 முறை டவுண்லோட் செய்தாலே 5 ஜி.பி. தீர்ந்துவிடும். படமும் எழுத்தும் மட்டும் உள்ள தளத்திற்கு 5 ஜி.பி. தாராளம், ஆடியோ பைல் வைத்தால் போதாது. இதனை முன்பே கணக்கிடாதது என் தவறு.

நான் செய்த அடுத்த தவறு, கோபமாக ஒரு மெயில் அனுப்பியது. "இது அநியாயம், இவ்வளவு பேர் என் தளத்திற்கு வரவே மாட்டார்கள்" என்று எழுதினேன். "எங்கள் கணக்கு சரியானது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எல்லோருக்கும் அனுப்பும் பதில் அது. அதில் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பதில் சொல்லும்படியாக நான் எதையும் கேட்கவில்லையே!

பிறகுதான் சி-பேனலைத் திறந்தேன். அதில் ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸ் என்ற பகுதி, தளத்திற்கு எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு டேட்டா சென்றது என்று அட்டவணை போட்டுக் காட்டும். இதில் மனிதர்கள் பார்த்தது ஒரு வரியிலும், தேடுதல் தளங்களின் ரோபோ புரோகிராம்கள் எடுத்தது அடுத்த வரியிலும் இருக்கும். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு பில் தவறு என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டையும் கூட்டியதுதான் மொத்தம்.

அட்டவணை போதாது. மூலமான லாக் பைல் வேண்டும். சி-பேனலில் "ரா அக்சஸ் லாக்" என்ற இடத்தில் அது கிடைக்கும். இதில் அவசரம் காட்ட வேண்டும். மாத முடிவில் லாக் பைல்களைச் சேமித்து வைக்கும்படி அங்குள்ள கட்டத்தில் டிக் செய்யாவிட்டால் பழையவை அழிக்கப்பட்டுவிடலாம். ஆதாரம் போய்விட்டால் வழக்கும் போயிற்று. என் நல்ல காலம், பில்லுக்கு உரிய மாதத்தின் பைல் அப்போது இருந்தது.

லாக் பைலில் ஒவ்வொரு வரியும் ஒரு கோரிக்கை. கேட்டவரின் ஐ.பி. எண், தேதியும் நேரமும், எந்தப் பைல், சர்வர் தந்த பதில் எண், எத்தனை பைட், எந்தப் பக்கத்திலிருந்து கேட்கப்பட்டது, எந்த பிரவுசர் என்பவை வரிசையாக இருக்கும். பதில் எண் 200 என்றால் பைல் அனுப்பப்பட்டது. 206 என்றால் அதில் ஒரு துண்டு மட்டும். 304 என்றால் உங்களிடம் ஏற்கனவே இருப்பதே போதும் என்று சர்வர் சொல்லிவிட்டது, பைல் செல்லவில்லை. நேரத்தைப் பார்க்கையில் கவனம் தேவை. என் தளத்தின் சர்வர் அமெரிக்காவில் இருந்தது. இங்கு இரவு 9 மணி என்றால் லாக்கில் காலை 10.30.

இந்தப் பைலை எக்ஸெல் புரோகிராமில் திறந்தேன். எக்ஸெல் 2003ல் ஒரு ஷீட்டில் 65,536 வரிகள்தான் இருக்க முடியும். என்னிடம் இருந்தவை ஒரு லட்சத்திற்கும் மேல். எனவே பைலை இரண்டாகப் பிரித்துத் திறக்க வேண்டியதாயிற்று. இன்றைய எக்ஸெல் தொகுப்பில் பத்து லட்சம் வரிகளுக்கு மேல் இடம் உண்டு. அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. பைட் எண்கள் உள்ள நெட்டு வரிசையைக் கூட்டினேன். 41 ஜி.பி. வந்தது. அதாவது நிறுவனம் பொய் சொல்லவில்லை. மனம் சோர்ந்துவிட்டது.

ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்ற நெட்டு வரிசையை வகைப்படுத்தியதும் விஷயம் புரிந்தது. 1,540 வரிகளில் எனக்குத் தெரியாத ஒரே தளத்தின் முகவரி இருந்தது. யாரோ ஒருவர் தன் ஊர்த் திருவிழாப் பக்கத்தில், பக்கம் திறந்தவுடன் தானாகப் பாடும்படி என் பைலை இணைத்திருந்தார். பைல் என் சர்வரில், பாட்டு அவர் பக்கத்தில்! இதற்கு ஹாட்லிங்க் என்று பெயர். 1,540 முறை, முறைக்கு 21 எம்.பி. என்றால் 31 ஜி.பி. ஆகிறது.

அந்தப் பக்கத்தை நானும் திறந்தேன். திடீரென்று உடுக்கையும் குடமும் ஒலிக்க, அலறி அடித்து மூடினேன். அப்போதுதான் பொறி தட்டியது. எல்லோரும் இப்படித்தானே சில விநாடிகளில் மூடியிருப்பார்கள்? 45 நிமிடமும் யார் இருந்து கேட்டிருப்பார்? என் வீட்டில் அப்போது 256 கே.பி.பி.எஸ். இணைப்பு. விநாடிக்கு அதிகபட்சம் 32,000 பைட். முழு பைலும் வந்து சேர 11 நிமிடமாவது வேண்டும்.

சோதித்துப் பார்த்தேன். விண்டோஸ் எக்ஸ்பியில் டாஸ்க் பாரின் வலது மூலையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் உள்ள ஐகான் இருக்கும். அதில் டபுள் கிளிக் செய்தால் இதுவரை பெற்ற பைட் எண்ணிக்கை தெரியும். அதனைப் பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தி பெயிண்ட்டில் ஒட்டிச் சேமித்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து 30 விநாடி வைத்து மூடினேன். மீண்டும் ஒரு படம். வித்தியாசம் ஏறத்தாழ 8 லட்சம் பைட். மூன்று முறை இப்படிச் செய்தேன். மறுநாள் லாக் பைலில் என் ஐ.பி. எண்ணைத் தேடினால், மூன்று வரிகளிலும் 21,612,544 பைட் என்று முழு அளவு பதிவாகியிருந்தது.

காரணம் அப்பாச்சி சர்வர் புரோகிராமின் இரண்டாம் பதிப்பு. இதில் வழக்கமான லாக் பைலில் எழுதப்படுவது, அனுப்ப எடுத்துக்கொண்ட பதிலின் அளவு. வழியில் இணைப்பு அறுந்தாலும் அது குறையாது. உண்மையில் நெட்வொர்க்கில் சென்ற பைட்களை எழுத மாட் லாக்ஐஓ என்ற தனிப் பகுதி வேண்டும். அப்பாச்சியின் உதவிக் குறிப்புகளிலேயே இது தெளிவாக உள்ளது. ஹோட்டலில் சாப்பாடு பரிமாறி, ஒரு கவளம் உண்டவுடன் இலையை எடுத்துவிட்டு முழுச் சாப்பாட்டுக்கும் காசு கேட்டால் அது ஹோட்டலில் நியாயம்தான். ஆனால் இங்கு விற்கப்பட்டது சாப்பாடு அல்ல, வெளியே சென்ற டேட்டா.

இரண்டாவது மெயில் எழுதும் முன் மூன்று வேலைகளை முடித்தேன். சி-பேனலில் ஹாட்லிங்க் புரொடெக்ஷன் வசதியை இயக்கி, எம்பி3 பைல்களை வெளித்தளங்கள் இழுக்க முடியாமல் செய்தேன். தளத்தின் பக்கங்களை என் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தேன். ஆடியோ பைல்கள் சிடியில் இருந்ததால் அவற்றை எடுக்கவில்லை. எப்.டி.பி. வழியாக நகல் எடுப்பதும் பேண்ட்வித் கணக்கில்தான் ஏறும், மறந்துவிடாதீர்கள். மூன்றாவதாக, டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகி இருக்கிறது என்று பார்த்தேன். நிறுவனத்தின் பெயரில் இருந்தது! தளத்தை வேறு இடத்திற்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டும் எண்ணத்தை அத்துடன் விட்டுவிட்டேன்.

மெயிலின் சாரம் இதுதான்: "41 ஜி.பி.யில் 10 ஜி.பி. என் தளத்தின் சொந்தப் பயன்பாடு. அதில் அனுமதிக்கு மேற்பட்ட 5 ஜி.பி.க்கு 1,250 ரூபாய் செலுத்த ஒப்புக்கொள்கிறேன். மீதி 31 ஜி.பி. லாக்கில் உள்ள அளவு. சென்ற அளவு அல்ல. சோதனைப் படங்களும் லாக் வரிகளும் இணைப்பில் உள்ளன. உங்கள் கணக்கு லாக் பைலில் இருந்து கூட்டப்பட்டதா, நெட்வொர்க்கில் அளக்கப்பட்டதா? இதற்குப் பதில் வரும் வரை தளத்தை நிறுத்த வேண்டாம்." கோபம் ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாம் நாள் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து போன் வந்தது. லாக் பைலில் இருந்துதான் கூட்டுகிறோம் என்று அந்த இளைஞர் ஒப்புக்கொண்டார். அந்த 1,540 முறைகளில் உண்மையில் சென்றதை 2 ஜி.பி. என மதிப்பிடலாமா என்று கேட்டார். ஒன்றுமே செல்லவில்லை என்று நானும் சொல்ல முடியாதல்லவா? சரி என்றேன். மொத்தம் 12 ஜி.பி., கூடுதல் 7 ஜி.பி., 1,750 ரூபாய். கட்டிவிட்டு, ரசீதில் "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று எழுதி வாங்கிக்கொண்டேன். டொமைனை என் பெயருக்கு மாற்ற இன்னும் இரண்டு மாதம் அலைந்தேன்.

இது பழைய கதை என்று எண்ண வேண்டாம். 2024 பிப்ரவரியில் நெட்லிஃபை நிறுவனத்தில் இலவசத் திட்டத்தில் சிறிய தளம் வைத்திருந்த ஒருவருக்கு 1,04,500 டாலர் பில் வந்தது. அங்கும் காரணம் ஒரு பாட்டு பைல்தான். அவர் அதைப் பொதுவில் எழுதிய பின் நிறுவனத்தின் தலைவர் பில்லை ரத்து செய்வதாக அறிவித்தார். இன்று இடம் வாங்கும்போது, அளவு தாண்டினால் தளம் தானாக நிற்குமா, பில் ஏறுமா என்று முதலில் கேளுங்கள். நிற்கும்படி அமைக்க வசதி இருந்தால் அதனையே தேர்ந்தெடுங்கள். செலவு எச்சரிக்கை மெயில் மட்டும் போதாது. மெயில் வரும், பில்லும் ஏறிக்கொண்டே இருக்கும்.

எழுதியும் பதில் வராவிட்டால், இந்திய நிறுவனம் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதியலாம். சொந்தப் பயன்பாட்டிற்கு வாங்கிய சேவையா, வியாபாரத்திற்கா என்று கேட்பார்கள். பில், லாக் பைல், நீங்கள் அனுப்பிய மெயில்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரே போல்டரில் வைத்துக்கொண்டு போன் செய்திடுங்கள்.

திருவிழாப் பக்கம் வைத்திருந்தவருக்கும் ஒரு மெயில் போட்டேன். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். பாட்டு யாருடையது என்றே அவருக்குத் தெரியாதாம். பெரியப்பாவின் பெயரையும் என் தளத்தின் முகவரியையும் எழுதி, தானாகப் பாடாத ஒரு லிங்க் மட்டும் வைக்கச் சொன்னேன். அப்படியே செய்தார்.