ஆறிவிடும் காயத்தை அளப்பது எப்படி? புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நாரணாபுரத்தில் வெடிச்சரம் பின்னும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். வலது கையில் இரண்டு விரல் வெந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துப் போய், "எப்படிக்கா இருக்கு?" என்றால், "அது அப்பவே சரியாப் போச்சுப்பா" என்பார். கணக்கெடுக்கப் போகும் நாம் நிரப்பும் படிவமும் அதையே சொல்லும். பட்ட பாடு எங்கும் பதிவாகாது. அதைப் பதிவுசெய்யும் வழி இதோ.

படி 1: கேள்வித்தாள்

ஈக்யூ-5டி-5எல் (EQ-5D-5L) என்ற உடல்நலக் கேள்வித்தாள் போதும். நடமாட்டம், தன்னைக் கவனித்துக்கொள்ளுதல், வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை என ஐந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை. தமிழ் வடிவம் இருக்கிறது. அதை வெளியிடும் யூரோக்வால் (EuroQol) அமைப்பில் பதிந்து வாங்குங்கள். நீங்களே மொழிபெயர்க்க வேண்டாம்.

படி 2: நாள் குறித்தல்

இந்தத் தாள் 'இன்று' எப்படி என்றுதான் கேட்கும். அதனால் 1, 4, 9, 16ஆம் நாள் என்று, தொடக்கத்தில் நெருக்கமாகப் போய்க் கேளுங்கள். காயத்துக்கு முன் எப்படி இருந்தார் என்பதும் வேண்டும். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து வந்த முதுகுவலியைத் தீக்காயத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

படி 3: கேட்கும் விதம்

கேள்வியை அப்படியே வாசியுங்கள், பதிலை எடுத்துக்கொடுக்காதீர்கள். இடது கையால் உலை வைத்துவிட்டு, "வேலையெல்லாம் பாக்குறேன்" என்பார். படிவத்தில் அதையே குறியுங்கள். பக்கத்தில் தனி நோட்டு ஒன்று இருக்கட்டும்: சோறு பிசைந்து கொடுத்தது யார்? மகளுக்குத் தலை பின்னியது யார்? எனக்கு அந்த நோட்டின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

படி 4: மதிப்பெண்

ஒரு நாளின் ஐந்து பதில்களும் சேர்ந்து ஒரே மதிப்பெண்ணாக மாறும். முழு நலம் 1, மரணம் 0. சாவைவிடக் கொடிது என்று மக்கள் கருதும் நிலைகள் பூஜ்யத்துக்கும் கீழே போகும். இந்தியர்களிடமே கேட்டுத் தயாரித்த மதிப்பெண் பட்டியல் 2022இல் வெளியானது. அதையே எடுங்கள்.

படி 5: கணக்கு

ஒரு பேச்சுக்கு, காயத்துக்கு முன்பு மதிப்பெண் 1. முதல் 3 நாள் 0.4, அடுத்த 5 நாள் 0.6, பிறகு 7 நாள் 0.8 என்று வைப்போம். இழப்பு 1.8 + 2.0 + 1.4 = 5.2 நாள். ஆண்டுக் கணக்கில் 0.014தான். தூசு மாதிரித் தெரியும்! ஆகவே நாளாகவே எழுதுங்கள்: பதினைந்து நாளில் ஐந்து நாளுக்கு மேல் போயிற்று.

கூலி இழப்பை இதில் சேர்க்காதீர்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு இருந்தால், வேலையில் பட்ட காயத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரை கிடைக்கும். அது தனிக் கணக்கு.

கட்டு அவிழ்ந்த பிறகும் விரல் சரியாக மடங்கச் சில நாள் பிடிக்கும். பழைய வேகத்தில் சரம் பின்னும்வரை நோட்டை மூட வேண்டாம்.