கொழுக்கட்டை: ஒரு சொல்லாராய்ச்சி

நம் மன்றத்தின் தேநீர் விருந்துக்குப் பண்டங்களின் பெயரைப் பலகையில் எழுதும் பணி என்னிடம் வந்தது. பழக்கத்தால் ‘கொழுக்கட்ட’ என்று எழுதிவிட்டேன். ஒரே நகைப்பு! “பீருமேட்டுத் தமிழ் மலையாளமாகிவிட்டது” என்றார் ஒரு நண்பர். தேயிலைத் தோட்டத்திற்குப் பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்தவன் யான். யானும் தமிழன்தானா என்று கேட்பதுபோல் அச்சொல் தைத்தது. ஆயினும் அறிவியல் பயில்பவன் வருந்தி நின்றால் போதுமா? சான்று தேடினேன்.

முதலில் சொல்லின் ஈற்றைக் காண்போம். தமிழில் மலை, தலை, வாழை, அடை என ஐகாரத்தில் முடியும் சொற்கள் மலையாளத்தில் மல, தல, வாழ, அட என அகரத்தில் முடிகின்றன. இது சிதைவன்று, ஒழுங்கான விதி. கொழுக்கட்டையும் அவ்விதியின் வழியே கொழுக்கட்ட ஆயிற்று. நடுவிலுள்ள ழகரமோ இரு மொழியிலும் அப்படியே இருக்கிறது. தமிழிலும் ஈற்று ஐகாரம் மாத்திரை குறைந்து ஒலிக்கும். இலக்கணம் அதை ஐகாரக் குறுக்கம் என்னும். நகைத்த நண்பரும் பேசும்போது ‘தல வலிக்குது’ என்றுதானே சொல்கிறார்? எழுத்தில் ‘கொழுக்கட்டை’ என்பதே நம் மரபு. நான் செய்தது எழுத்துப் பிழை. இனம் மாறிய பிழையன்று.

அடுத்து, அடை. தமிழ்நாட்டில் அரிசியும் பருப்பும் அரைத்துக் கல்லில் வார்ப்பது அடை. பாலக்காட்டிலோ வாழையிலையில் மாவைப் பரப்பி, வெல்லமும் தேங்காயும் வைத்து மடித்து அவிப்பதும் அடையே. காரடையான் நோன்பிற்குத் தமிழர் அவிக்கும் அடையும் உண்டு. மதுரைக்காஞ்சியில் அடையும் மோதகமும் அடுத்தடுத்து வருகின்றன. மோதகம் வடசொல், மகிழ்விப்பது என்பது அதன் பொருள்.

சமயமும் இப்பண்டத்தைப் பிரிக்கவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு நாம் அவிக்கிறோம். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனியன்று கேரளக் கிறித்தவர் அவிக்கின்றனர். குழந்தைக்குப் பல் முளைத்தால் ஈழத்தமிழர் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பர்.

கடல் கடந்து பார்ப்போம். உக்ரைனியர் மாவுக்குள் பூரணம் வைத்து வேகவைப்பதை ‘வரெனிகி’ என்பர். வேகவைத்தல் என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். போலந்தின் ‘பியெரோகி’, விருந்தைக் குறிக்கும் பழைய ஸ்லாவியச் சொல்லின் வழி வந்தது. உருசியரின் ‘பெல்மெனி’ யூரல் மலைப்பக்கத்துப் பெர்மிய மொழியினரிடம் பெற்றது. ‘காது ரொட்டி’ என்று பொருள். சமைக்கும் முறை, விழா, வடிவம் ஆகிய மூன்றுமே பெயர் தருகின்றன. நம் பிடிகொழுக்கட்டையும் கையால் பிடிப்பதால் பெற்ற பெயர்தானே? அயலார் சொல்லை ஏற்றதால் உருசிய மொழி அழிந்துவிடவில்லை.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் அமைந்தன. கோடு நிலத்தைப் பிரித்தது. அடுப்படிச் சொல்லைப் பிரிக்கவில்லை. தோழர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் அன்னையர் வழங்கும் பண்டப் பெயர்களைக் குறித்து வாருங்கள். மன்றத்தில் கூடி ஒப்பிட்டுப் பார்ப்போம். அன்று பலகையில் எழுதும் பணியை மீண்டும் எனக்கே தாருங்கள்!